பிரிந்தவர் திரும்பும் கதைகள்: ‘செகண்ட் சான்ஸ்’ காதல் நாவல்களை எப்படிப் படிப்பது?

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் நெல்லைப் பக்கத்து வீடுகளில் கதைப் புத்தகத்துக்குத் தேவை கூடிவிடும். சிலர் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் எடுப்பார்கள், சிலர் ரயில் ஏறும் முன் மாத நாவல் வாங்குவார்கள். போனில் தொடராகப் படிப்பவர்களும், மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு காதில் ஆடியோ நாவல் கேட்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோர் கண்ணிலும் இப்போது அடிக்கடி படுகிற முத்திரை ‘செகண்ட் சான்ஸ் ரொமான்ஸ்’, அதுவும் ‘லேசான கோடை வாசிப்பு’ என்ற அடைமொழியோடு. மறுமணக் கதை என்று நினைத்து எடுத்தவர் பாதியில் குழம்புகிறார். சோகக் கதை என்று நினைத்தவர் எடுக்காமலே வைத்துவிடுகிறார். ‘விட்டுட்டுப் போனவனை மறுபடி சேர்த்துக்கிறதா?’ என்ற கோபத்தோடு மூடிவைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. எந்தக் கதையில் அது நியாயம், எந்தக் கதையில் அவசரம் என்று பிரித்துப் பார்க்க, இந்த வகை எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும்.

முதலில், அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது?

தமிழில் ‘இரண்டாவது வாய்ப்பு’ என்று சொன்னால் மூன்று பொருள் வருகிறது.

1. முன்பு காதலித்தோ மணந்தோ பிரிந்த அதே இருவர், காலம் கடந்து மறுபடி சேர்வது.
2. துணையை இழந்த ஒருவர், அல்லது விவாகரத்தான ஒருவர், வேறொருவரோடு புது வாழ்க்கை தொடங்குவது.
3. படிப்பு, வேலை, சொந்த ஊர் என்று கைவிட்டுப் போன ஒன்றைத் திரும்பப் பிடிப்பது. காதல் அதற்குத் துணையாக வரும்.

பதிப்பாளர்கள் இந்த முத்திரையைப் பெரும்பாலும் முதல் வகைக்கே குத்துகிறார்கள். இரண்டாவது வகைக்குத் தமிழில் மறுமணக் கதை என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தனி வரலாறும் இருக்கிறது. இந்து விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856இல். சட்டம் வந்த பிறகும் ஊர் ஒப்புக்கொள்ளப் பல தலைமுறை பிடித்தது. அதனால் மறுமணக் கதை பெரும்பாலும் ஊரோடு வழக்காடும் கதை. பெண்ணுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டா என்பதுதான் அதன் கேள்வி. செகண்ட் சான்ஸ் கதையின் கேள்வி வேறு. ஒரு தடவை நம்பிக்கையை உடைத்த அதே ஆளை மறுபடி நம்பலாமா? இதில் எதிராளி ஊர் இல்லை. நேற்றைய நாமும் நேற்றைய அவரும்தான் எதிராளிகள்.

‘லேசான’ நாவல் என்றால் என்ன?

காதல் நாவல் என்ற வகை வாசகருக்கு இரண்டு வாக்குத் தருகிறது. காதல்தான் கதையின் நடுத்தண்டாக இருக்கும். முடிவு நம்பிக்கை தரும். ‘லேசான’ என்ற சொல் இவற்றோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது: கொலை, கொடுநோய், கடைசியில் ஒரு சாவு என்று நெஞ்சை அழுத்தாது, பேச்சில் சிரிப்பு இருக்கும், இரண்டு மத்தியான நேரத்தில் முடித்துவிடலாம்.

முடிவு முன்கூட்டியே தெரிந்தால் படிப்பதில் என்ன சுவை என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் கொடையில் சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடம். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து என்ன என்பதற்காக அவர்கள் உட்காரவில்லை. இன்றைக்கு எப்படிச் சொல்லப்போகிறார் என்று கேட்கத்தான் உட்காருகிறார்கள். இருவரும் சேர்வார்கள் என்பது காதல் நாவலின் முதல் பக்கத்திலேயே தெரியும். என்ன பேசி, எதை ஒப்புக்கொண்டு, எதை விட்டுக்கொடுத்துச் சேர்கிறார்கள் என்பதுதான் பக்கத்தைத் திருப்ப வைக்கிறது.

கோடைக்கும் பிரிவுக்கும் நம்மிடம் உள்ள பழைய உறவு

மேற்கு நாடுகளில் கோடை வாசிப்புப் பட்டியல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான விடுமுறைக்கானது. நமக்கு அது பொருந்தாது. நெல்லையில் கத்திரி மே மாத இறுதியோடு முடிகிறது. ஜூனில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடுகிறது. அவர்கள் கடற்கரை மணலில் விரித்துப் படிக்கும் புத்தகத்தை நாம் ஓலைப்பந்தல் நிழலிலோ மின்விசிறிக்கு அடியிலோ ஏப்ரல், மே மாதங்களிலேயே படித்து முடித்துவிடுவோம்.

இங்கே ஆழமான ஒரு பொருத்தமும் இருக்கிறது. தொல்காப்பியம் பாலைக்கு உரிய பொழுதாக வேனிலையும் நண்பகலையும் சொல்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். முல்லைக்குக் காரும் மாலையும். அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது திரும்பி வருவார் என்று காத்திருத்தல். ஆக, வெயில் பிரிவின் காலம், மழை திரும்புதலின் காலம். மே மாத மத்தியானத்தில் பிரிவில் தொடங்கி, சாரல் விழும்போது கூடலில் முடிகிற ஒரு நாவல் தமிழ் மனத்துக்கு அந்நியமானதே இல்லை.

இதைவிட முக்கியமான குறிப்பு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. பாலை என்று பிறப்பிலேயே ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் ‘முறைமையின் திரிந்து’, தம் நல்லியல்பு இழந்து, பாலை என்ற வடிவம் கொள்கின்றன. செகண்ட் சான்ஸ் கதையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பிரிந்த இருவருக்கு நடுவில் கிடக்கும் வறட்சி, முன்பு பூத்துக் கிடந்த அதே நிலம்தான். பொதிகையில் தொடங்கித் தேரிக்காட்டுச் செம்மணலைக் கடந்து கடல்வரை விரிந்திருந்த பிரிக்கப்படாத நெல்லை மாவட்டத்தில் (1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனியாயின) ஐந்து திணையும் உண்டு என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

திருக்குறள் இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்களில் களவியலுக்கு 7தான். கற்பியலுக்கு 18. அந்தக் கற்பியல் பிரிவாற்றாமையில் தொடங்கி ஊடலுவகையில் முடிகிறது. காதலில் விழுவதைவிட, விலகியபின் எப்படிக் கூடுவது என்பதற்கே வள்ளுவர் அதிக இடம் ஒதுக்கினார்.

கதை எப்படி இயங்குகிறது?

எந்த நாவலை எடுத்தாலும் உள்ளே ஐந்து உறுப்புகள் இருக்கும்.

1. பழைய உறவு.
2. பிரிவும் அதன் காரணமும்.
3. இடைவெளி. இதில் இருவரும் தனித்தனியே மாற வேண்டும்.
4. தவிர்க்க முடியாத மறுசந்திப்பு.
5. கணக்குத் தீர்ப்பது. அதன் பிறகுதான் கூடல்.

இவற்றில் இரண்டாவது மற்ற நான்கையும் ஆட்டிவைக்கிறது. பிரிவுக்கு என்ன காரணமோ அதற்குத்தான் கடைசியில் பதில் வர வேண்டும். வேறு எதற்குப் பதில் சொல்லிச் சேர்த்து வைத்தாலும் வாசகர் மனம் ஒட்டாது. காரணங்கள் பெரும்பாலும் நான்கு விதம்.

*பிறர் சொல் கேட்டது.* ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவல் 1817 டிசம்பரில், அவர் மறைந்து சில மாதங்களுக்குப் பிறகு வெளிவந்தது. இந்த வகைக்கு மூத்த முன்மாதிரி என்று அதைத்தான் சொல்வார்கள். 19 வயதில் ஆன் என்ற பெண், கையில் காசில்லாத ஒரு கடற்படை அதிகாரியை ஏற்றுக்கொள்கிறாள். பிறகு தாயின் இடத்தில் இருக்கும் ஒருத்தியின் புத்திமதியைக் கேட்டு விலகுகிறாள். எட்டு ஆண்டு கழித்து அவன் செல்வத்தோடும் மனக்காயத்தோடும் வருகிறான். அவனிடம் பணம் வந்துவிட்டது என்பதைக் கதை முடிவுக்கான பதிலாக வைக்கவில்லை. ஆன் தன் மனத்தைத் தானே நம்பக் கற்றுக்கொண்டாள். அவன் தன் வீம்பால் இடையில் எத்தனை ஆண்டு வீணானது என்று உணர்ந்தான். பதில் இந்த இரண்டும்தான். காரணம் பிறர் சொல் என்பதால், பதில் சொந்தச் சொல்.

நம் ஊரில் இந்த வகை இன்னும் வலுவாக எழுத இடமிருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்ற முறை இருக்கும் வீடுகளில், இரண்டு பேர் பிரிந்தால் இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்திவிடும்.

*தவறாகப் புரிந்துகொண்டது.* மிக அதிகமாக எழுதப்படுவதும், மிக எளிதாகக் கெட்டுப்போவதும் இதுதான். ஒரு போன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் சந்தேகத்தை 300 பக்கம் இழுத்தால் வாசகருக்குக் கதாபாத்திரங்கள்மேல் மதிப்பே போய்விடும். அளவுக்கு 1302ஆம் குறளைப் பார்க்கலாம்: ‘உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது / மிக்கற்றால் நீள விடல்.’ புலவி, அதாவது ஊடல், சாப்பாட்டில் உப்பு மாதிரி. தேவைக்குமேல் நீட்டினால் அந்த உப்பு கொஞ்சம் கூடிப்போனது மாதிரி. தவறான புரிதல் நிற்க வேண்டுமானால் அதன் அடியில் ஏற்கெனவே ஒரு பயமோ தாழ்வு எண்ணமோ இருக்க வேண்டும். அதைக் காட்டிவிட்டால், பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

*சூழ்நிலை.* வளைகுடா வேலை, கப்பல் வேலை, தங்கை கல்யாணம், அப்பாவின் கடன். இங்கே இருவர்மேலும் பெரிய குற்றம் இல்லாததால் கதை சீக்கிரம் இளகிவிடும்.

*சொந்தத் தவறு.* பொய், கோழைத்தனம், கைவிட்டது. இதுதான் கடினம். நளன் கதையை நினைத்துப் பார்க்கலாம். காட்டில் தூங்கும் தமயந்தியை விட்டுவிட்டுப் போகிறான் நளன். சேர்த்து வைப்பதற்கு அவள் செய்யும் ஏற்பாடு அபாரமானது: இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி அனுப்பி அவனை வரவழைக்கிறாள். உருமாறி வாகுகன் என்ற பெயரில் மடைப்பள்ளியில் நிற்பவனை, அவன் சமையலை வைத்தும் குழந்தைகளைக் கண்டு அவன் உருகுவதை வைத்தும் சோதித்து அறிகிறாள். புகழேந்திப் புலவர் நளவெண்பாவின் மூன்று காண்டங்களில் இரண்டுக்குக் கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்றே பெயர். பழி, நளனைப் பிடித்து ஆட்டிய கலி என்ற தீய தெய்வத்தின்மேல் போகிறது. காவியத்துக்கு அது பொருந்தும். இன்றைய நாவலாசிரியருக்குக் கலி கிடையாது. விட்டுப்போனவனே ‘நான்தான் போனேன்’ என்று சொல்லியாக வேண்டும். மன்னிப்புக் காட்சியில் ‘அன்னைக்கு என் நிலைமை அப்படி’ என்ற வசனம் மட்டும் வந்தால், அந்த ஆசிரியர் கலியை வேறு உருவத்தில் கூட்டி வந்திருக்கிறார் என்று பொருள்.

நெல்லைச் சீமையில் மறுசந்திப்பு

பிரிந்தவர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எழுதுபவருக்குப் பெரிய சிக்கல். தற்செயலாக லிஃப்டில் சந்தித்தார்கள், புது அலுவலகத்தில் முதலாளியே பழைய காதலன் என்று எழுதுவது தேய்ந்துபோன வழி. நம் மண் தானாகவே சந்திப்பை ஏற்படுத்தித் தருகிறது.

பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்கு வந்தாக வேண்டும் என்பது இங்கே எத்தனையோ குடும்பங்களின் வழக்கம். ஒரே சாஸ்தாவைக் கும்பிடும் பங்காளிகள் ஒரே மரத்தடியில் அடுப்பு மூட்டுவார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். பக்கத்துக் குடிலில் யார் என்பது நம் கையில் இல்லை. ஆனியில் நெல்லையப்பர் தேர். இவற்றோடு கோயில் கொடை, காதுகுத்து, சடங்கு வீடு, பால்காய்ப்பு. பிரிந்த இருவரில் ஒருத்தி பரிமாற, மற்றவன் பந்தியில் உட்கார்ந்திருக்கிற காட்சியைக் கட்டாயப்படுத்தி அமைக்க வேண்டியதே இல்லை. வருடத்தில் நாலு தடவை அது தானாக நடக்கிறது.

இன்னொரு செல்வம், முறை சொல்லி அழைப்பது. முன்பு ‘அத்தான்’ என்று அழைத்தவள் பிரிவுக்குப் பிறகு எந்தப் பெயரும் சொல்லாமல், ‘இந்தா, காப்பி’ என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவன் தங்கையை ‘மைனி’ (மதினி) என்று கூப்பிடுவதா, பெயரைச் சொல்வதா என்று வீட்டின் சின்னப் பிள்ளைகள்கூடத் தடுமாறும். நல்ல எழுத்தாளர் இந்தத் தடுமாற்றத்தை வைத்தே இடைவெளியை அளந்து காட்டிவிடுவார். ‘அத்தான்’ என்ற சொல் எந்தப் பக்கத்தில், யார் முன்னிலையில் திரும்பி வருகிறது என்று பாருங்கள். அது வந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது. அதற்குமேல் வரும் முத்தமோ மண்டபமோ அலங்காரம்தான். வெளிநாட்டுக் கதையை அப்படியே எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றும் நாவல்களில் இந்த நுணுக்கம் இருக்காது; எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

வாசகர்களைக் குழப்பும் சட்ட விஷயம்

கணவன் மனைவியாக இருந்து பிரிந்தவர்களைப் பற்றிய நாவல்களில் ‘பேப்பரில் கையெழுத்துப் போட்டாள், விவாகரத்து ஆகிவிட்டது’ என்று வரும். நடப்பு வேறு. இந்து திருமணச் சட்டத்தின்படி (1955):

1. வக்கீல் நோட்டீஸ் விவாகரத்து ஆகாது. மனுகூட ஆகாது. நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அவர்கள் கணவன் மனைவிதான்.
2. இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவதற்கான 13பி பிரிவு 1976 திருத்தத்தில் சேர்ந்தது. மனுப் போடும் முன்பே ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும்.
3. மனுப் போட்டபின் 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். தக்க வழக்குகளில் அந்த 6 மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.
4. தீர்ப்பு வருவதற்குள் ஒருவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலும் அந்த மனு நிற்காது.
5. நீதிமன்றப் பிரிவு (10ஆம் பிரிவு) வேறு, விவாகரத்து வேறு. முன்னதில் திருமணம் அப்படியேதான் இருக்கிறது.
6. விவாகரத்துத் தீர்ப்பு இறுதியான பிறகு சேர விரும்பினால், முறைப்படி மறுபடி மணம் செய்துகொள்ள வேண்டும். ‘தாலி கழற்றவே இல்லையே’ என்பது நாவலுக்கு அழகான வசனம், சட்டத்துக்குப் போதாது.

கிறிஸ்தவர், முஸ்லிம், சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தோர் ஆகியோருக்குச் சட்டம் வேறு.

கதை எழுதுபவர்கள் மூன்றாவது விதியைக் கவனித்தால் கட்டாயக் காத்திருப்புக்குள் ஒரு முழு நாவல் இருப்பது தெரியும். குடும்ப நீதிமன்றச் சட்டம் (1984) சமரசத்துக்கு முயல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று சொல்கிறது. சட்டமே ஒரு இடைவெளியை ஏற்படுத்தி, ‘இன்னொரு தடவை யோசியுங்கள்’ என்கிறது. நீதிமன்ற வராந்தாவில் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் இருவர், இந்த வகை நாவலுக்குக் கிடைக்கும் மிக உண்மையான தொடக்கக் காட்சி.

வடிவம் கதையை மாற்றுகிறது

மாத நாவல் காலத்தில் பக்கம் கணக்கு. அச்சில் இத்தனை பாரம்தான் (சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) என்று இருந்ததால் பிரிவும் கூடலும் அதற்குள் முடிந்தாக வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து, தெரு முழுக்கச் சுற்றவிட்டுப் படித்தவர்களுக்கு, வாரா வாரம் ஒரு முடிச்சு என்ற தாளம் பழக்கம். இப்போது ஆன்லைனில் ‘யூடி’ போடுகிறார்கள், அதாவது அன்றைய அத்தியாயம். கருத்துப் பெட்டியில் வாசகர்கள் ‘இவனை இன்னும் கொஞ்சம் அழவிடுங்க’ என்று கேட்க, எழுத்தாளர் நீட்டுகிறார். தவறான புரிதல் 60 அத்தியாயம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடியோ நாவலில் கண் செலவாகாது, கை வேலை நடக்கும். கேட்பவர்களுக்கு வர்ணனை தங்காது, வசனம்தான் தங்கும். அதனால் மன்னிப்புக் காட்சி வசனத்திலேயே நிற்க வேண்டும். எழுத்தாளரின் அனுமதி இல்லாமல் அவர் நாவலை வாசித்து ஏற்றுவது 1957 பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவது. கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அனுமதி பெற்ற சேனல்களைத் தேர்ந்தெடுத்தால், எழுதும் பெண்களுக்குச் சேர வேண்டியது சேரும்.

எங்கே கோபம் நியாயம்?

அடித்தவனை, பூட்டி வைத்தவனை, கட்டாயப்படுத்தியவனை ‘உள்ளுக்குள்ள அவ்வளவு பாசம்’ என்று சொல்லிச் சேர்த்து வைக்கும் கதைகள் இந்த முத்திரையின்கீழ் வருகின்றன. ‘ஆன்டி ஹீரோ’ என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. இது லேசான வாசிப்பு ஆகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல் காயத்தை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. சொல்லால், பணத்தால், பாலியல் ரீதியாகச் செய்யும் கொடுமையையும் சேர்த்தே சொல்கிறது. கல்லூரி போகும் பிள்ளைகள் கேட்கும் கதையில், கொடுமையைப் பொறுத்துக்கொண்டதற்குப் பரிசாகக் காதல் கிடைக்கிறது என்று வந்தால், அதைக் கதைதானே என்று விட முடியாது.

இரண்டாவது குறை இன்னும் பரவலானது. பிரிவுக்கு இருவரும் காரணம், ஆனால் மாறுவது பெண் மட்டும். அவள் வேலையை விடுகிறாள், அவள் ஊருக்குத் திரும்புகிறாள், மாமியார் காலில் அவள் விழுகிறாள். அவன் செய்வதெல்லாம் கடைசி அத்தியாயத்தில் கண் கலங்குவது. இப்படி முடியும் கதையில் இரண்டாவது வாய்ப்பு அவனுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது.

நூலகத்தில் நின்றபடி ஒரு நாவலை எடைபோட நான்கு கேள்வி போதும்.

1. பிரிவின் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?
2. இடைவெளியில் இருவருக்கும் தனி வாழ்க்கை இருந்ததா, அல்லது ஒருத்தி மட்டும் ஜன்னலோரம் காத்திருந்தாளா?
3. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை கடைசி வரை இருவருக்கும் இருக்கிறதா?
4. மன்னிப்புக் கேட்பவர், தான் செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்கிறாரா?

நான்காவதற்குக் கடைசி 20 பக்கத்தைப் புரட்டினால் போதும். முடிவு தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், அது முதல் பக்கத்திலேயே தெரிந்ததுதான். அந்தப் பக்கங்களில் யார் அதிகம் பேசுகிறார், யார் அதிகம் கேட்கிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.